நாத்தனார் பார்த்த கிரகணம்

அவர் கதவைத் தட்டவில்லை. கொல்லைப்பக்கத்துச் சன்னலைத்தான் தட்டினார், அதுவும் விரல் நுனியால். நான் உள்ளே கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். சன்னலுக்குக் கொக்கி போட்டது போதாதென்று பழைய போர்வை ஒன்றையும் அதன்மேல் தொங்கவிட்டிருந்தேன். ஆகஸ்டு மாதச் சாயங்காலம். மின்விசிறி ஓடியும் அறை புழுங்கியது. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். வெளியே சூரிய கிரகணம் பிடித்திருந்தது. "டீச்சரு, சன்னலத் தொறக்க வேணாம். நான் சொல்றேன், நீ கேட்டுக்க" என்றார் என் நாத்தனார். 1999ஆம் வருஷம், பெரம்பலூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். அதற்கு முந்தின வாரம்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரகணப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

நாத்தனார் என் கணவருக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்கு மேலுதடு பிறவியிலேயே பிளந்திருந்தது. பிளவு மூக்குத் துவாரம் வரைக்கும் ஏறியிருக்கும். பேச்சு மூக்கு வழியாக வரும். பத்து நாள் பழகினால் ஒரு சொல் விடாமல் புரியும், ஆனால் பழகுவதற்கு யாரும் நிற்பதில்லை. ஊரில் இதற்குக் கிரகண மூளி என்று பெயர். மாமியார் அவரை வயிற்றில் சுமந்திருந்தபோது கிரகணம் பிடித்திருப்பது தெரியாமல் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாராம். அரிவாளுக்குப் புல் அறுபட்டபோது வயிற்றுக்குள் உதடும் அறுபட்டுவிட்டதாம். மாமியார் இதை ஒருபோதும் மறைத்ததில்லை. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் மகளை ஏறிட்டுப் பார்த்தவுடனே, அவர்கள் கேட்கும் முன்பே, "நாந்தான் பாவி, புல்லறுக்கப் போனேன்" என்று ஆரம்பித்துவிடுவார். நாத்தனார் பக்கத்தில் நின்று, நூறு தடவை கேட்ட கதையை நூற்றியோராவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கொடுப்பார். பூந்தி லட்டு அவர் கைக்கு வருவதுபோல யார் கைக்கும் வராது. பெரம்பலூரில் மட்டுமில்லை, பாடாலூர் வரைக்கும் கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வருவார்கள். இவர் பிடித்துவைப்பார், என் கணவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். எத்தனையோ பந்திகளில் அவர் பிடித்த லட்டு இலையில் விழுந்திருக்கிறது. எந்தப் பந்தியிலும் அவர் உட்கார்ந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். குழாயடிக்குக் கூட்டம் கலைந்த பிறகுதான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார். என் கல்யாண ஆல்பத்தில் அவர் ஒரு படத்தில்கூட இல்லை. அதைக் கவனிக்க எனக்கே ஆறு மாதம் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் அரியலூர்க்காரி. எங்கள் பக்கம் சுண்ணாம்புக் கல்லை உடைத்தால் உள்ளே கடல் சங்கு கல்லாகிக் கிடக்கும். மழை பெய்து ஓய்ந்தால் காட்டு வழியில் நத்தை உருவத்தில் கல்லைப் பொறுக்கலாம். கடல் இருந்த இடத்தில் பிறந்தவள் நான், என் ரத்தத்திலேயே விஞ்ஞானம் ஓடுகிறது என்று காலேஜில் படித்தபோது தோழிகளிடம் அளந்துவிட்டிருக்கிறேன். அந்தத் திமிரோடுதான் பெரம்பலூர் வீட்டுக்கு மருமகளாக வந்தேன்.

கல்யாணமான மறுவருஷம், 1995இல், தீபாவளி முடிந்த கையோடு ஒரு காலையில் சூரிய கிரகணம் வந்தது. தெருவே கதவடைத்துக் கிடந்தது. மாமியார் கூடத்தில் வெண்கலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் உலக்கையை நிறுத்தினார். கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாத்தனாரை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். ஏற்கெனவே தீண்டப்பட்டவள், இன்னொரு தடவை கண்ணில் பட்டால் என்ன ஆகுமோ என்று. நாற்பது வயதுப் பெண்ணை அப்படிப் பூட்டிவைத்ததைப் பார்த்து எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனாலும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நாலு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, அதே தட்டில் தண்ணீர் ஊற்றி அதே உலக்கையை நிறுத்திக் காட்டினேன். அடியில் பூண் தட்டையாக இருக்கிறது, நேராக வைத்தால் எந்த நாளும் நிற்கும், இதற்குச் சூரியனும் வேண்டாம் சந்திரனும் வேண்டாம் என்றேன். மாமியார் முகவாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ நிறுத்துனா நிக்கும். அது தானா நிக்கணும்" என்றார். அடுப்படி வாசலில் நின்ற நாத்தனார் சிரித்துவிட்டார். முந்தானையை இழுத்து வாயை மூட மறந்துபோன சிரிப்பு. அந்த வீட்டில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்த நேரம் பார்த்து என்னிடம் வந்தார். "அது எப்படி டீச்சரு இருக்கும்? என்னயக் கடிச்சதுன்னு சொல்றாங்க. நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல" என்றார். நான் ஒரு எலுமிச்சம்பழத்தையும் டார்ச் விளக்கையும் எடுத்துவந்தேன். டார்ச்சுதான் சூரியன், எலுமிச்சை சந்திரன், உங்கள் முகம்தான் பூமி என்று அவரையே உட்காரவைத்துக் காட்டினேன். எலுமிச்சையின் நிழல் அவர் நெற்றியில் ஏறி, கண்ணைக் கடந்து, கன்னத்தில் இறங்கியது. இவ்வளவுதான் கிரகணம், வெறும் நிழல் என்றேன். அவர் நிழல் விழுந்த கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நெழலுக்கு ஏது டீச்சரு பல்லு?"

பிள்ளை வயிற்றில் உருவாகும்போது உதடு இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்துவந்து நடுவில் சேரும், இரண்டாம் மாதத்துக்குள் அது முடிந்துவிடும், சிலருக்கு அது சேராமல் நின்றுவிடுகிறது, அதற்கு யாருடைய அரிவாளும் காரணமில்லை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அப்ப எங்கம்மா மேல தப்பு இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "என் மேல?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் மேல் எப்படி அண்ணி தப்பு வரும் என்றேன். அவர் அடுத்த கிரகணம் எப்போது என்று கேட்டார். தேடிப் பார்த்து, நாலு வருஷம் கழித்து ஒரு ஆகஸ்டு மாதச் சாயங்காலம் நம் ஊரில் தெரியும் என்று சொன்னேன். "அன்னிக்கி ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பாப்போம். நீ பக்கத்துல நிக்கணும், சரியா?" என்றார். சரி என்றேன். அது என்ன பெரிய காரியம் என்ற நினைப்பில் சொன்ன சரிதான்.

அந்த நாலு வருஷத்தில் நடந்தது பெரிய மாற்றம் என்று வெளியாட்கள் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு அது பெரியதுதான். ஒரு நாள் எங்களோடு சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார். குழாயடிக்குக் கூட்டம் இருக்கும்போதே போனார். யாரோ ஒருத்தி கிரகணம் என்று பேச்செடுத்தபோது, "அது நெழலு. எங்க வூட்டு டீச்சரு சொல்லியிருக்கு" என்று குடத்தை நிமிர்த்திக்கொண்டே பதில் சொன்னாராம். பாடாலூரில் ஒரு கல்யாணத்துக்கு லட்டோடு அவரும் பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பாயசம் குடிப்பது அவருக்குக் கஷ்டம். கொஞ்சம் வழியும். எதிர்வரிசையில் இருந்த இரண்டு பேர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார்கள். அவர் அவசரப்படாமல் துடைத்துக்கொண்டு, தான் பிடித்த லட்டையே எடுத்துப் பிட்டு வாயில் போட்டு, "ஏலக்கா கொஞ்சம் கம்மி" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பச்சைமிளகாயைக் கடித்துவிட்டதாகச் சமாளித்தேன்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அதன் பிறகு இரண்டு வருஷம் ஒன்றுமில்லை. கோயில், டாக்டர் என்று யார் எங்கே சொன்னாலும் போனேன். விஞ்ஞானம் பேசுகிற வாய்தான், ஆனாலும் குழந்தை என்று வரும்போது எதையும் தட்டத் தோன்றவில்லை. 1999இல் மறுபடியும் உண்டானேன். ஆகஸ்டு மாதம் கிரகணம் வரும்போது ஐந்து மாதம். பேப்பரில் எல்லாம் அதே பேச்சு. நாத்தனார் பூந்திக் கரண்டியைத் தேய்த்துக் கழுவித் தயாராக வைத்திருந்தார். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, கரண்டியை வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு குட்டிச் சூரியன் விழும், அதைப் பார்க்கலாம் என்று அவருக்குச் சொல்லித் தந்ததே நான்தான்.

மாமியாரை நான் குறை சொல்ல முடியாது. இந்த இடத்தில் ஒரு கொடுமைக்கார மாமியார் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அவர் என்னைத் தடுக்கவில்லை. "நீ படிச்சவ. ஒன் இஷ்டம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றப் போனார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். யாரும் கதவைச் சாத்தவில்லை, யாரும் சத்தியம் வாங்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் என் பிள்ளைக்கு உதடு எப்போதோ சேர்ந்து முடிந்திருக்கும் என்பது அந்த ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் நாலரை மணிக்கு எழுந்துபோய்ச் சன்னல் கொக்கியைச் சரிபார்த்தேன். ஒருவேளை, ஒரே ஒருவேளை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. நாத்தனார் கரண்டியோடு வந்து வாசலில் நின்றபோது, "தல சுத்துது அண்ணி, நான் வரல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். பிறகு, நான் தேடி எடுத்து மடியில் வைத்திருந்த போர்வையைப் பார்த்தார். "சரி, படு" என்றார். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுமாம். நான் என் கையாலேயே கொக்கியைப் போட்டுக்கொண்டு விழுந்தேன்.

அப்புறம்தான் அந்தச் சன்னல் தட்டல். தன்னந்தனியாகக் கொல்லையில் நின்றவர், எனக்குக் கேட்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "வெயிலு மஞ்சளா ஆயிருச்சு டீச்சரு. நெலா வெளிச்சமும் இல்ல, பகலும் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "கரண்டியப் புடிச்சிட்டேன். சொவுத்துல விழுது. பூந்தி உதுந்த மாரி பொட்டுப் பொட்டா விழுது." அதன் பிறகு நீண்ட நேரம் சத்தமே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது, அண்ணி என்று கூப்பிட்டேன். "இருக்கேன்" என்றார். குரல் மாறியிருந்தது. "எல்லாப் பொட்டுலயும் ஒரு கடி டீச்சரு. ஒண்ணு பாக்கியில்ல. அத்தனையும் என் வாயி மாரியே இருக்கு. எத்தன வாயி!"

எழுந்து போய்ச் சன்னலைத் திறந்திருக்கலாம். மூன்றடி தூரம்தான். நான் எழுந்து உட்கார்ந்தேன், அதற்கு மேல் கால் நகரவில்லை. வெளியே அவர் விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். காக்காய்கள் வேப்பமரத்துக்கு வந்து அடைந்துவிட்டன என்றார். பொட்டுகள் மெலிந்து சுவரில் மேலே ஏறிக்கொண்டே போகின்றன என்றார். கடைசியில், "அவ்வளவுதான். பச்சமல மறச்சிருச்சு. கடிச்சது கடிச்சபடியே எறங்கிப் போயிருச்சு" என்றார். கிரகணம் விடுவதற்குள் சூரியன் அடைந்துவிட்டது. கூடத்தில் மாமியார் உலக்கை எப்போது விழும் என்று தெரியாமல் காத்திருந்து, கடைசியில் தானே அதை எடுத்துச் சுவரில் சாத்தினார். நாத்தனார் உள்ளே வந்து குளித்துவிட்டு அடுப்பு மூட்டினார். அன்று ராத்திரி எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அடுத்த நாளும் உட்காரவில்லை.

ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவர் கோபப்படவே இல்லை. எனக்கு வேளாவேளைக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், கால் வீங்கினால் வெந்நீர் ஊற்றினார். குழாயடிக்கு மட்டும் கூட்டம் கலைந்த பிறகு போனார். ஒன்றும் சொல்லாமல், நான் கொடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் சொன்னதை நம்பித்தான் அவர் வெளியே வந்தார். டீச்சரே கதவைப் பூட்டிக்கொண்டால் அதற்கு என்ன அர்த்தம்?

பிரசவத்துக்கு அரியலூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வலி கண்ட செய்தி கேட்டு நாத்தனார் தனியாகப் பஸ் ஏறி, முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பெண் குழந்தை. நர்ஸம்மா குழந்தையை முதலில் அவர் கையில்தான் கொடுத்திருக்கிறார். நான் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது அவர் குழந்தையோடு கட்டிலோரம் நின்றிருந்தார். பெண்ணா, ஆணா, எடை எவ்வளவு, யார் சாயல், எதுவும் சொல்லவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் குனிந்து என் காதோரம், "உதடு முழுசா இருக்கு டீச்சரு. பாத்துட்டேன்" என்றார். ஒரு தாய்க்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. அதைவிடப் பெரிய அறையையும் என் கன்னத்தில் யாரும் கொடுத்ததில்லை.

2007இல் நாத்தனார் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். இப்போது எங்கள் தெருவில் கிரகணம் என்றால் நான்தான் முதல் ஆளாக நடுத்தெருவில் நிற்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிவைத்து, கரண்டி பிடித்துக் காட்டி, முறுக்கும் தண்ணீரும் கொடுத்து, கிரகண நேரத்திலேயே எல்லோரையும் சாப்பிடவைக்கிறேன். டீச்சருக்கு எவ்வளவு தைரியம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளை இல்லாமல் வயிறு காலியாக இருக்கும்போது வருகிற தைரியத்துக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு நடுவில் நின்றாலும் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாத இடம் அப்படியே இருக்கிறது. யாராவது அங்கே வந்து நின்றால் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிடுகிறேன். ஏன் என்று கேட்டால் நிழல் விழுகிறது என்று சொல்லிவைப்பேன்.

எல்லாவற்றையும் நாத்தனாரிடம் பேசிவிட எனக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. 2004 ஜூன் மாதம், வெள்ளிக்கிரகம் சூரியனைக் கடந்துபோனது. அன்றைக்கு உயிரோடு இருந்த யாரும் அதற்கு முன் பார்த்திராத காட்சி. கடைசியாக நடந்து நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்து பைனாகுலரை இரவல் வாங்கிவந்து, கொல்லையில் ஸ்டூல்மேல் கட்டி நிறுத்தி, அதன் வழியாக வெயிலை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்தேன். எலுமிச்சை அளவுக்குச் சூரியன், அதில் கடுகு மாதிரி ஒரு கரும்புள்ளி. மாமியார் எட்டிப் பார்த்து, "இதுக்கு உலக்கை நிக்குமா?" என்று கேட்டார். பஞ்சாங்கத்தில் தீட்டு எதுவும் போடவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டார். நாலு வயது மகள் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள். நான் அடுப்படி வாசலில் போய் நின்று, "அண்ணி, வாங்க" என்றேன். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அட்டைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். புள்ளி நகர்வது கண்ணுக்குத் தெரியாது. அவர் அட்டையின் ஓரத்தில் விரலை வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டு, நகர்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து வருஷமாக நெஞ்சில் கிடந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அன்னைக்கு நான் வந்திருக்கணும் அண்ணி. அது நிழல்தான். சத்தியமா நிழல்தான்" என்றேன்.

அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்ப உண்டாயிருந்தா வருவியா?" என்றார்.

"வருவேன்" என்றேன். யோசிக்காமல், உடனே, சத்தமாகச் சொன்னேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பார்வையில் பகை இல்லை, கேலிகூட இல்லை. சின்னப் பிள்ளை ஒன்று மனப்பாடமாக ஒப்பிப்பதைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அத உண்டாயிருக்கயிலதான் கேக்கணும் டீச்சரு" என்று சொல்லிவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு நான் உண்டாகவே இல்லை.